இருபத்து மூன்றாவது மணி நேரத்தில் ஓர் இன்சுலின் சிரிஞ்சு: ஏஜென்சி இரவுப் பணி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2024 தீபாவளியை ஒட்டிய வாரத்தில், வட சென்னையில் பெரம்பூர் பக்கம் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மருத்துவமனைகளுக்குச் செவிலியர்களை அனுப்பும் ஏஜென்சி மூலம் அந்த ஓர் இரவுக்கு மட்டும் வந்திருந்த செவிலியர் கலந்த இன்சுலின் கரைசல், இருக்க வேண்டிய செறிவைப் போல இரண்டரை மடங்காக அமைந்துவிட்டது. விடியற்காலையில் நோயாளியின் இரத்தச் சர்க்கரை 46 மில்லிகிராமுக்கு இறங்கியது. உரிய நேரத்தில் கண்டுகொண்டதால் அவர் மீண்டார். நிரந்தரப் பாதிப்பு ஏதுமின்றிச் சில நாள்களில் வீடு திரும்பினார். மருத்துவமனையின் விசாரணைக் குறிப்பு, 'ஏஜென்சி செவிலியரின் கவனக்குறைவு. இனி இவரை அனுப்ப வேண்டாம் என ஏஜென்சிக்குத் தெரிவிக்கப்பட்டது' என்பதோடு முடிந்துவிட்டது.

செவிலியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் இருப்பதால், அந்தக் கோப்பைப் படிக்கவும், சம்பந்தப்பட்ட செவிலியர், அன்றைய இரவு உடனிருந்தவர், வார்டு இன்சார்ஜ், ஏஜென்சியின் ஒருங்கிணைப்பாளர் ஆகியோருடன் தனித்தனியாகப் பேசவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. யாரையும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருந்தளவு, நேரம், பணம் தொடர்பாக ஆய்வுக்கு இன்றியமையாதவற்றை அப்படியே வைத்திருக்கிறேன். கோப்பில் எழுதப்பட்ட 'கவனக்குறைவு' என்னும் காரணத்தை நான் ஏற்கவில்லை. அந்தச் செவிலியரின் முழு நாளையும் பார்த்தவர் அவரைத் தவிர வேறு எவருமில்லை என்பதும், மூன்று நிறுவனங்கள் அந்த நாளை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டன என்பதும்தான் என் முடிவு. அதற்கான காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன்.

நிகழ்ந்தது

நோயாளிக்கு வயது 58. நெடுநாள் சர்க்கரை நோயோடு, காலில் சீழ் பிடித்த புண்ணும் காய்ச்சலுமாக முந்தைய நாள் சேர்க்கப்பட்டவர். சேர்க்கும்போது சர்க்கரை 412. ரெகுலர் இன்சுலின் 50 யூனிட்டை 50 மில்லி சலைனில் கலந்து சிரிஞ்சு பம்ப் வழியாகச் செலுத்த வேண்டும், மணிக்கொரு முறை விரல் நுனியில் சர்க்கரை பார்த்து வேகத்தை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். ஒரு மில்லியில் ஒரு யூனிட் என்பதால் கணக்கு எளிது. மணிக்கு 4 மில்லி ஓடினால் உடலுக்குள் போவது 4 யூனிட். பிற்பகல் 3 மணிக்கு ஏற்றிய சிரிஞ்சு அந்த வேகத்தில் பன்னிரண்டரை மணி நேரம் வந்து, அதிகாலை 3.30க்குத் தீர்ந்தது. அப்போது சர்க்கரை 212. புதிய சிரிஞ்சைக் கலக்கும் முறை இந்தச் செவிலியருக்கு வந்தது.

இந்த இடத்தில், நம் நாட்டுச் செவிலியர் எல்லோரும் அறிந்த, ஆனால் எழுதிவைக்க வேண்டிய ஒரு விவரம் உண்டு. இந்தியாவில் இன்சுலின் குப்பிகள் இரண்டு வலிமைகளில் விற்கப்படுகின்றன. நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பி. அதற்குச் சிவப்பு மூடி போட்ட 40 அளவுச் சிரிஞ்சு. மற்றொன்று மில்லிக்கு 100 யூனிட் உள்ளது. அதற்கு ஆரஞ்சு மூடி போட்ட 100 அளவுச் சிரிஞ்சு. குப்பியும் சிரிஞ்சும் மாறிவிட்டால் சிரிஞ்சின் கோடுகள் பொய் சொல்லும். 40 அளவுச் சிரிஞ்சில் 40ஆம் கோடு வரை இழுத்தால் அது ஒரு மில்லி. 100 குப்பியிலிருந்து இழுத்த ஒரு மில்லியில் இருப்பது 100 யூனிட்.

அந்தச் செவிலியர் குளிர்பெட்டியின் கதவுத் தட்டிலிருந்து குப்பியை எடுத்தார். மருந்தின் பெயரைப் படித்தார், காலாவதித் தேதியைப் படித்தார், திறந்த தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். மூன்றும் சரியாக இருந்தன. மருந்துத் தட்டில் இருந்த சிவப்பு மூடிச் சிரிஞ்சை எடுத்து, 40ஆம் கோடு வரை ஒரு முறையும் 10ஆம் கோடு வரை மறுமுறையும் இழுத்து, 50 யூனிட் என்று எண்ணி சலைனில் கலந்தார். அவருடைய சொந்த மருத்துவமனையில் அது முற்றிலும் சரியான முறை. இங்கே குப்பி 100 யூனிட்டுடையது. கலந்தது 1.25 மில்லி, அதாவது 125 யூனிட். பம்ப் 4 மில்லி என்று காட்டிக்கொண்டிருக்க, நோயாளிக்கு மணிக்கு 10 யூனிட் போய்க்கொண்டிருந்தது.

4.30க்குச் சர்க்கரை 141. வேகமாக இறங்குகிறதே என்று அவர் வேகத்தை 2 மில்லியாகக் குறைத்தார். அப்படியும் 5 யூனிட் போனது. 5.30க்குப் பார்த்திருக்க வேண்டிய அடுத்த அளவு இருபது நிமிடம் தள்ளிப்போனது. ஏனெனில் பக்கத்துப் படுக்கையில் வென்டிலேட்டரில் இருந்தவரின் குழாயில் சளி அடைத்து, இரண்டு செவிலியரும் அங்கே நின்றார்கள். 5.50க்குத் திரும்பி வந்தபோது நோயாளியின் நெற்றியும் கழுத்தும் வியர்த்திருந்தன, கேட்ட கேள்விக்குப் பதில் குழறியது. அந்தச் செவிலியர் முதலில் பம்பை நிறுத்தினார், சர்க்கரை பார்த்தார், 46 என்றதும் டியூட்டி டாக்டரை அழைத்து, அவர் சொற்படி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) 100 மில்லியைச் செலுத்தினார். பதினைந்து நிமிடத்தில் 128 ஆனது.

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் இந்தக் கோப்பிலேயே மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். சிரிஞ்சையும் குப்பியையும் அவர் தூக்கி எறியவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்; குப்பியை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சிறிய எழுத்தில் இருந்த வலிமையைப் படித்தார்; இன்சார்ஜிடம் தானே போய், 'சிஸ்டர், இது 100 குப்பி. நான் 40 சிரிஞ்சுல எடுத்திருக்கேன்' என்று சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால், சரியாகச் சாப்பிடாததாலும் நோய்த்தொற்றாலும் சர்க்கரை இறங்கிவிட்டது என்றே அந்த இரவு எழுதப்பட்டிருக்கும். அவர் சொன்ன உண்மையை வைத்தே அவர் மீது குற்றம் எழுதப்பட்டது. அடுத்த முறை இன்னொரு செவிலியர் சொல்வாரா என்ற கேள்வியை அந்த மருத்துவமனை தன்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அவருடைய அன்றைய நாள்

செவிலியர் எர்ணாவூரில் குடியிருக்கிறார். முப்பதை ஒட்டிய வயது, ஜி.என்.எம். என்னும் செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர். தண்டையார்பேட்டையில் 40 படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நிரந்தரப் பணி. கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். எண்ணூர் விரைவுச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாள்களில் அவர் எப்போது வீடு திரும்புவார் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை.

அன்று காலை 4.30க்கு எழுந்து சமைத்து, 7 மணிக் காலை டியூட்டிக்குப் போனார். 2 மணிக்கு முடிய வேண்டியது. மாலை டியூட்டிக்கு வரவேண்டியவர் தீபாவளிக்காக ஊருக்குப் போயிருந்ததால் ஹேண்டோவர், அதாவது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைப்பது, முடிய 2.45 ஆனது. வீடு வந்து சாப்பிட்டு, படுத்துக்கொள்ள நினைத்த நேரத்தில் பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிட்டது. இரவுக்கான சமையலை முடித்து, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, 6.15க்குக் கிளம்பினார். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து பெரம்பூருக்குப் பேருந்து. மழை. வியாசர்பாடிப் பக்கம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால் பேருந்துகள் சுற்றிப் போகும் என்பது வட சென்னைக்காரர் எல்லோருக்கும் தெரியும். 8 மணிக்கு இருக்க வேண்டியவர் 8.10க்குத்தான் வார்டுக்குள் நுழைந்தார்.

இன்சுலினைக் கலந்த அதிகாலை 3.30 மணிக்கு அவர் கண்விழித்து 23 மணி நேரம் ஆகியிருந்தது. 1997இல் டாசன், ரீட் என்ற இருவர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும் இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவருடையதைப் போலத் தளர்கின்றன என்றும், ஒரு நாள் முழுதும் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகிறது என்றும் காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் ஓட்டுவோருக்கு அனுமதிக்கும் வரம்பு 0.03 சதவீதம். அமெரிக்கச் செவிலியர்களைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வொன்றிலும், ஒரே பணிமுறை பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டும்போது தவறு நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காவது தெரியவந்தது. அந்தக் கணக்கு ஒரே இடத்தில் வேலை செய்வோருக்கானது. இரண்டு இடங்களுக்கு நடுவே பேருந்திலும் அடுப்படியிலும் கழிந்த நேரத்தை அது எண்ணுவதில்லை.

ஆனாலும் களைப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதே களைப்போடு தன் சொந்த வார்டில் இருந்திருந்தால், அங்கே 40 குப்பியும் 40 சிரிஞ்சும் மட்டுமே இருப்பதால், இந்தத் தவறு நிகழ்ந்திருக்க வழியில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து இந்தப் புது வார்டுக்கு வந்திருந்தால் குப்பியின் வலிமையைப் பெரும்பாலும் படித்திருப்பார். பழக்கம் தவறாகிப்போகும் இடத்தில், பழக்கத்தை மட்டுமே நம்பி இயங்கக்கூடிய நிலையில் ஒருவரை நிறுத்தியதுதான் நடந்தது.

ஏன் அந்த இரவை ஏற்றுக்கொண்டார்

மாதச் சம்பளம் 16,000 ரூபாய். இ.எஸ்.ஐ.க்கு 120, பி.எஃப்.க்கு 1,440 போகக் கையில் வருவது 14,440. வாடகை 6,500. மாதத்துக்கு எட்டு ஏஜென்சி இரவுகள். இரவுக்கு 1,100 என்று பேச்சு, 10 சதவீத வரிப்பிடித்தம் போக 990.

செவிலியர் சம்பளம் குறித்து 2016 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் பேரில் மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைகளுக்குக் குறைந்தவை கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை மாநிலங்களுக்கு வழிகாட்டுதலாக அனுப்பப்பட்டதே தவிர, அதைக் கட்டாயமாக்கும் சட்டமாக அது தண்டையார்பேட்டையை எட்டவில்லை. 40 படுக்கை மருத்துவமனையில் 16,000 வாங்கும் இந்தச் செவிலியருக்கு மாதம் 4,000 ரூபாய் குறைகிறது. அவர் போகும் எட்டு இரவுகளில் நான்கு, கிட்டத்தட்ட அந்த 4,000 ரூபாயை ஈடுகட்டத்தான். 2016இல் ஒரு குழு நியாயம் என்று சொன்ன குறைந்தபட்ச வருமானத்தை எட்டுவதற்கே அவர் நான்கு இரவுகளைத் தூங்காமல் கழிக்க வேண்டியிருக்கிறது.

'பேராசைப்பட்டு டபுள் டியூட்டி பார்க்கிறார்கள்' என்று மூத்த செவிலியர்கள் சிலரே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சை யாரும் தொடரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அரசு மருத்துவப் பணிக்கு ஆள் தேர்வு செய்யும் வாரியமான எம்.ஆர்.பி.யின் அறிவிப்புக்காகக் காத்திருந்து, கிடைத்த நேரத்தில் படித்து, நடுவில் இப்படி இரவுகளை விற்று வாழும் செவிலியர் ராயபுரம் முதல் எண்ணூர் வரை வீதிக்கு வீதி இருக்கிறார்கள்.

வரிப்பிடித்தம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில் தெரியாமலேயே பணத்தை இழக்கிறார்கள். ஏஜென்சி இவரை ஊழியராகக் காட்டாமல், தொழில்முறைக் கட்டணம் பெறுபவராகக் காட்டி 10 சதவீதம் பிடித்திருக்கிறது. ஆண்டுக்கு 10,560 ரூபாய், ஏறத்தாழ பத்து இரவுகளின் உழைப்பு. இவருடைய மொத்த ஆண்டு வருமானம் மூன்று இலட்சத்தைத் தொடவில்லை. கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லை. வருமானவரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் முழுத்தொகையும் வங்கிக் கணக்குக்குத் திரும்பும். அவர் இதுவரை தாக்கல் செய்ததில்லை. பிடித்த பணத்தை ஏஜென்சி உண்மையில் அரசுக்குச் செலுத்தியதா என்பதும் வருமானவரித் துறையின் இணையதளத்தில் அவரவர் பான் எண்ணில் தெரியும். அங்கே தெரியாவிட்டால் ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

ஏஜென்சி பார்த்ததும் பார்க்காததும்

வேலை வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. அன்று மதியம் வந்த செய்தி இவ்வளவுதான்: 'நைட் டியூட்டி, ஐ.சி.யு., பெரம்பூர், 8 டு 8, ஆர்.என்.ஆர்.எம். மட்டும், 1100.' ஆர்.என்.ஆர்.எம். என்றால் கவுன்சிலில் பதிவு பெற்ற செவிலியர், மகப்பேறு உதவியாளர். முதலில் கையுயர்த்துபவருக்கு வேலை. அன்று யாரும் முன்வராததால் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்து, 'சிஸ்டர், ஒரே ஒரு நைட்தான், ஆள் இல்ல, நீங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க' என்று கேட்டிருக்கிறார். இவர் சரி என்றார். ஏற்றுக்கொண்ட டியூட்டிக்குப் போகாவிட்டால் ஒரு இரவுச் சம்பளம் அபராதமாகப் பிடிக்கப்படும் என்பது அந்த ஏஜென்சியின் வாய்மொழி விதி. மாலையில் உடம்பு முடியவில்லை என்று தோன்றியபோதும் அவர் பின்வாங்காததற்கு அதுவே காரணம்.

சேர்ந்தபோது ஏஜென்சி கேட்டவை கவுன்சில் பதிவுச் சான்றிதழின் படம், ஆதார், பான், வங்கிக் கணக்கு. எந்த ஐ.சி.யு.வில் வேலை பார்த்திருக்கிறார், எந்தெந்த மருந்துகளைத் தனியாகக் கலந்திருக்கிறார், வேறெங்கும் வேலை செய்கிறாரா, கடைசி டியூட்டி எப்போது முடிந்தது என்ற கேள்விகள் எதுவும் இல்லை. நான் பேசிய ஒருங்கிணைப்பாளர் செவிலியர் அல்லர், நல்ல மனிதர், 'ஹாஸ்பிட்டல் கேட்கறது ஆர்.என்.ஆர்.எம். சர்ட்டிஃபிகேட்தான் மேடம், நான் அதைத்தான் அனுப்ப முடியும்' என்றார். மருத்துவமனை ஏஜென்சிக்குத் தருவது இரவுக்கு 1,700 ரூபாய். இடையில் நிற்கும் 600 ரூபாய்க்கு ஏஜென்சி செய்யும் வேலை ஆளைக் கண்டுபிடித்து அனுப்புவதோடு முடிகிறது. அந்த ஆள் பாதுகாப்பாக வேலை செய்யக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்று பார்ப்பது அந்தத் தொகைக்குள் வரவில்லை. ஏஜென்சி இரவில் கையில் தவறுதலாக ஊசி குத்திவிட்டால் யார் பொறுப்பு என்பதற்கும் இப்படியே பதில் இல்லை. செவிலியரின் இ.எஸ்.ஐ. தண்டையார்பேட்டை மருத்துவமனையின் பேரில் இருக்கிறது; பெரம்பூரில் நேர்ந்த காயத்தைப் பணிக்காயம் என்று அவர்கள் எழுதிக்கொடுக்கப் போவதில்லை.

வார்டு

அந்த ஐ.சி.யு.வில் அன்றிரவு ஐந்து நோயாளிகள், ஒருவர் வென்டிலேட்டரில். செவிலியர் இருவர்: ஒருவர் அந்த மருத்துவமனையின் ஊழியர், மற்றவர் இவர். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு செவிலியர் தனியாக வேண்டும் என்பது எங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். அதைக் கடைப்பிடித்தால் மீதி நால்வரும் ஏஜென்சி செவிலியரின் பொறுப்பு. நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

முந்தைய மாதங்களில் மருத்துவமனை ஐ.சி.யு.வுக்கு மட்டும் 100 குப்பி வாங்கத் தொடங்கியிருந்தது. மாற்றத்தைக் காலைக் கூட்டத்தில் வாயால் சொன்னார்கள். ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சுகள் அலமாரியின் இரண்டாவது இழுப்பறையில் வைக்கப்பட்டன. ஸ்டோரில் மீந்திருந்த சிவப்பு மூடிச் சிரிஞ்சுகள், வீணாக வேண்டாம் என்று, மருந்துத் தட்டிலேயே இருந்தன. சொந்த ஊழியர்களுக்கு இது பழகிவிட்டது. இழுப்பறைக்குத் தானாகக் கை போகும். புதிதாக ஒருவர் வந்தால் அவருக்கு எது தெரியாமல் போகும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு வார்டின் ஆபத்துகளில் பாதி அங்கே நாளும் புழங்குபவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏஜென்சி செவிலியரின் கண்ணுக்கு அவை தெரியும், அவரிடம் கேட்க ஒருவர் இருந்தால்.

பத்து நிமிடம் தாமதமாக வந்ததால், பகல் செவிலியர் கிளம்பும் அவசரத்தில் ஹேண்டோவர் கொடுத்தார். நான்கு நோயாளிகளுக்கும் சேர்த்து சுமார் பத்து நிமிடம். நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். வார்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவசர மருந்து வண்டி எங்கே, டியூட்டி டாக்டரின் எண் என்ன என்பதைக் கூட இவர் பிறகு கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு, நார்அட்ரினலின் ஆகிய மருந்துகளை இருவர் சேர்ந்து சரிபார்த்து இருவரும் கையொப்பமிட வேண்டும் என்ற விதி அந்த மருத்துவமனையின் கையேட்டில் இருக்கிறது. அன்றைய தாளிலும் இரண்டு கையொப்பங்கள் இருக்கின்றன. இரண்டாவது கையொப்பம் காலை 7 மணிக்குப் போடப்பட்டது என்பதை அதைப் போட்டவரே ஒளிக்காமல் சொன்னார். 3.30க்கு அவர் வென்டிலேட்டர் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். தாளைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். பல இரவுகளில் இரு கையொப்பங்களும் ஒரே மையில், ஒரே சாய்வில், அடுத்தடுத்துப் போடப்பட்டவையாகத் தெரிந்தன. இருவர் மட்டும் இருக்கும் வார்டில் இருவர் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதிவைப்பது தாளை நிரப்பும், நோயாளியைக் காக்காது.

யார் கண்ணிலும் படாத நாள்

தண்டையார்பேட்டை மருத்துவமனைக்குத் தெரிந்தது காலை 7 முதல் பிற்பகல் 2 வரை. ஏஜென்சிக்கும் பெரம்பூர் மருத்துவமனைக்கும் தெரிந்தது இரவு 8 முதல் காலை 8 வரை. தண்டையார்பேட்டையின் பணி ஆணையில், வேறெங்கும் பணிபுரிந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவார் என்ற வரி இருக்கிறது. அசல் சான்றிதழ்களும் அவர்களிடம்தான் இருக்கின்றன. ஆகவே அங்கே அவர் இரவுகளைப் பற்றி வாய் திறக்க முடியாது. இங்கே பகலைப் பற்றிச் சொன்னால் அடுத்த அழைப்பு வராது. இரண்டு இடத்திலும் மறைத்தாக வேண்டிய நிலையில் அவரை வைத்துவிட்டு, இரண்டு இடத்தாரும் அவர் தெளிவாக இருப்பார் என்று எதிர்பார்த்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சட்டம் இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அதே நாளில் இன்னொரு தொழிற்சாலையில் ஒருவரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. மணலியின் ஆலைத் தொழிலாளிக்கு அந்த விதி பொருந்தியது, ஐ.சி.யு.வில் இன்சுலின் கலப்பவருக்குப் பொருந்தவில்லை. அதைப் போல ஒரு தடையைச் செவிலியருக்கும் கொண்டுவர வேண்டும் என்று சிலர் என்னிடம் வாதிட்டார்கள். நான் உடன்படவில்லை. சம்பளத்தைத் தொடாமல் தடையை மட்டும் கொண்டுவந்தால், இப்போது பாதி மறைவில் நடப்பது முழு மறைவில் நடக்கும். வாட்ஸ்அப் குழுவில் வரும் அழைப்பு தனித்தனித் தொலைபேசி அழைப்பாக மாறும். கூடுதல் இரவு வேலை இருக்கத்தான் போகிறது. முந்தைய டியூட்டி முடிந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அஞ்சாமல் சொல்லக்கூடிய நிலை செவிலியருக்கு வேண்டும். சொன்னதற்காக அவருடைய வேலையோ அடுத்த அழைப்போ போகக் கூடாது.

இப்போது ஏஜென்சி இரவுக்குப் போகும் செவிலியருக்கு

நிலைமை மாறும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். வார்டுக்குள் நுழைந்ததும், நோயாளி ஹேண்டோவருக்கு முன்பாகவே, 'இங்கே இன்சுலின் குப்பி எத்தனை யூனிட், எந்தச் சிரிஞ்சு?' என்று கேளுங்கள். ஹெப்பாரினுக்கும் இதே கேள்வி பொருந்தும், 5 மில்லிக் குப்பியில் 5,000 யூனிட்டும் உண்டு, 25,000 யூனிட்டும் உண்டு. குப்பியிலிருந்து இழுக்கும்போது யூனிட்டை மட்டும் எண்ணாமல் எத்தனை மில்லி என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள். 40 குப்பியிலிருந்து 50 யூனிட் என்றால் 1.25 மில்லி, 100 குப்பியிலிருந்து அரை மில்லி. புது இடத்தில் அந்த ஒரு எண் உங்களைத் தடுத்து நிறுத்தும். பழக்கமில்லாத பம்பில் தனியாகக் கைவைக்க வேண்டாம். 'எனக்குத் தெரியாது, காட்டுங்கள் சிஸ்டர்' என்று சொல்வதால் ஏஜென்சி செவிலியருக்கு எந்தக் குறைவும் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை, டியூட்டியை உறுதிசெய்த செய்தியையும், வருகைப் பதிவேட்டில் போட்ட கையொப்பத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த நிகழ்வு நடந்தபோது நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின்படி, அதன் வரம்புக்குள் வரும் இடங்களில், ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் அதைத் தரவேண்டியவர் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலை நடந்த மருத்துவமனை. இந்தச் செவிலியருக்கு அந்த மாதத்தின் இரண்டு இரவுச் சம்பளத்தை ஏஜென்சி நிறுத்தி வைத்தது. அவரிடம் படங்கள் இருந்தன. மருத்துவமனையின் கணக்குப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்த பிறகு பணம் வந்தது.

பரிந்துரைகளும் பதிலும்

மருத்துவமனைக்கு நான் எழுதிக்கொடுத்த அறிக்கையின் பரிந்துரைகளில், ஐ.சி.யு.வில் 40 அளவுச் சிரிஞ்சுகளை முழுவதுமாக அகற்றுவது, குளிர்பெட்டிக் கதவில் '100 குப்பி, ஆரஞ்சுச் சிரிஞ்சு மட்டும்' என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுவது, இன்சுலின் கரைசலைப் பகலில் மருந்தாளுநர் கலந்து தேதி, நேரம், செறிவு எழுதி வைப்பது ஆகியவற்றை மருத்துவமனை உடனே ஏற்றது. இவற்றில் முதலாவதற்கு ஒரு பைசா செலவில்லை. ஏஜென்சி செவிலியரை 7.30க்கே வரச்செய்து, அரை மணி நேரத்துக்குத் தனியாகப் பணம் தந்து வார்டைச் சுற்றிக்காட்டுவது என்ற பரிந்துரையைத் தயக்கத்தோடு ஏற்றார்கள். நான் கேட்டறிந்த வரையில் பெரும்பாலான இரவுகளில் நடக்கிறது. விசாரணைக் குறிப்பில் 'கவனக்குறைவு' என்பதை நீக்கி, தவறைத் தானே வெளிப்படுத்தியவர் என்று திருத்தி எழுதவும் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் இசைந்தார். அந்தச் செவிலியர் சில வாரங்களுக்குப் பிறகு வேறொரு ஏஜென்சி வழியாக இரவு டியூட்டிக்குத் திரும்பினார். இப்போது காலை டியூட்டி உள்ள நாளின் இரவை மட்டும் ஏற்பதில்லை. அதனால் மாதத்துக்கு எட்டு இருந்தது ஐந்தாகிவிட்டது, வருமானம் குறைந்துவிட்டது.

ஏற்கப்படாத பரிந்துரை ஒன்றே. டியூட்டிக்கு வரும் ஏஜென்சி செவிலியரிடம் 'கடைசியாக எப்போது வேலை முடித்தீர்கள், அதன் பிறகு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?' என்று கேட்க வேண்டும். பதில் எதுவானாலும் அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல், பத்து மணி நேர இடைவெளி இல்லாதவருக்கு அன்றிரவு மருந்து கலக்கும் பொறுப்பை மட்டுமாவது தரக் கூடாது என்று எழுதியிருந்தேன். 'அப்படிக் கேட்டால் பாதி இரவுகளுக்கு ஆள் கிடைக்காது' என்று நிர்வாக அலுவலர் சொன்னார். அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் அந்த ஐ.சி.யு.வின் பாதி இரவுகள் தூங்காதவர்களைக் கொண்டு நடக்கின்றன என்பதை அவரும் அறிவார் என்று நான் அறிக்கையில் சேர்த்து, அந்தப் பரிந்துரையை நீக்காமல் அப்படியே வைத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்.